யென்சன் அக்காவின் சின்ன விசயங்கள்

அக்காவின் சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் என்னோடு கதைக்கமாட்டார் என்று பயம். நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிற ஆள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டது வாத்தியாருக்குப் பயந்தா, ஆமிக்குப் பயந்தா என்று இப்போது சரியாக ஞாபகம் இல்லை. ஊரின் பெயரையும் எழுதவில்லை. டென்மார்க்கில், கோல்டிங்குக்கும் கிரின்ஸ்டெட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரின் பெயர் கெட்டுவிடும் என்று கவலைப்பட அங்கே ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எங்கள் ஆட்கள் எல்லோரும் அவரை யென்சன் அக்கா என்றுதான் சொல்வார்கள். புருசன் டேனிஷ்காரர் என்று நினைக்க வேண்டாம். அக்கா இருந்த மாடி வீட்டில் அவருக்கு முன்னால் யென்சன் என்று ஒரு கிழவர் இருந்தார். கதவிலே அவருடைய பெயர்த் தகடு. கிழவர் செத்துப்போனார், அக்கா குடிவந்தார், பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தார், புருசனையும் சுடலைக்கு அனுப்பிவைத்தார், தலை நரைத்தது. தகடு மட்டும் அப்படியே. அதற்கு அவ்வப்போது பொலிஷ் போட்டு மினுக்கியும் வைப்பார். கட்டடத்துக்குப் பொறுப்பானவர்கள் புதுத் தகடு செய்து தருகிறோம் என்று வந்தபோது, யென்சன் நல்ல மனிசன், இருக்கட்டும் என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்.

இந்த நாட்டில் குழந்தை பிறந்தால் பெயருக்கு முதல் நம்பர் வைத்துவிடுகிறார்கள். பல்லுப் பிடுங்கப் போனாலும் அந்த நம்பர் போட்ட மஞ்சள் அட்டையை நீட்ட வேண்டும். அரசாங்கத்துக்கு அக்காவின் சீனி வியாதி வரைக்கும் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் கதவில் பெயர் போடாமல் ஒளிக்கிறது என்ன ஒளிப்பு என்று ஒருநாள் கேட்டேன்.

"அது அவையாய் எடுத்தது, தம்பி. நாங்களாய்க் கொண்டுபோய்க் குடுக்கிறேல்லை" என்றார்.

பிள்ளையாருக்கும் அதே சட்டம்தான். எங்கள் கோயில் ஒரு பழைய தளபாடக் கடையின் பின்பக்கம். வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்குத் தட்டு நீட்டினால் ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்பார். அக்கா கேட்கவே விடமாட்டார். "சாமி பேருக்கு" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். பிள்ளையாரின் பெயரிலேயே பிள்ளையாருக்கு இத்தனை வருசம் அர்ச்சனை நடந்தது. அவருக்கு அதனால் என்ன நன்மை கிடைத்ததோ தெரியாது.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் ஊர்த் தமிழர் எல்லோரும் தங்களுக்கு நடந்த துவேசத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அக்கா டேனிஷை டேனிஷ்காரர் மாதிரியே தொண்டைக்குள் விழுங்கிக் கதைப்பார். முதியோர் இல்லத்தில் வேலை. கொம்யூனில், அதாவது நகரசபையில், எல்லோரையும் தெரியும். ஆகவே யாருக்காவது ஏதாவது நடந்தால் பொலிசுக்கு முதல் அக்காவுக்குத்தான் போன் போகும். போன் எடுத்ததும் அவர் கேட்பது இரண்டு கேள்வி. "ஆளுக்கு ஒண்டும் இல்லையே? வீடு நிக்குதே?" இரண்டுக்கும் ஓம் என்றால் தீர்ப்பு ரெடி. "அப்ப சின்ன விசயம்."

எங்கள் ஆட்களின் மளிகைக் கடைக் கண்ணாடிக்குக் கல் விழுந்தது. கல்லில் கடதாசி சுற்றி, கடதாசியில் திரும்பிப் போ என்று எழுதியும் இருந்தது. அக்கா போய்ப் பார்த்தார். கண்ணாடி எப்படியும் பழசு, குளிருக்கு அடைக்காது, காப்புறுதிக்காரன் புதுசு போடுவான் என்றார். கடதாசியைக் கசக்கித் தன்னுடைய கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். காப்புறுதிக்காரனுக்குக் கல் மட்டும் காட்டப்பட்டது. இன்னொருவருடைய காரின் நாலு ரயரையும் குத்திக் கிழித்து, கதவிலே ஆணியால் அசிங்கமான சொல் கீறியிருந்தார்கள். குளிர்கால ரயர் மாத்துகிற நேரம்தானே என்றார் அக்கா. கதவை என்ன செய்வது? அதற்கு மேல் ஒரு பூப்படம் ஒட்டலாம் என்றார். அந்த மனிசனும் ஒட்டினார். வளர்ந்த ஆண்பிள்ளை, மீசையோடு, சூரியகாந்திப் பூக் காரில் இறைச்சித் தொழிற்சாலைக்குப் போய்வந்தார்.

தன்னுடைய விசயத்திலும் அவர் அப்படித்தான். முதியோர் இல்லத்தில் ஒரு கிழவி கறுத்தக் கையால் குளிசை வாங்கமாட்டேன் என்று வாயை இறுக்கிக்கொண்டதாம். இதை அக்கா எங்கள் வீட்டில் இருந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னார்.

"வெள்ளைக் கையுறையைப் போட்டுக்கொண்டு போனன். குடிச்சிட்டா. மனிசிக்குக் கண் தெரியாதுதானே."

நாங்களும் சிரித்தோம். அன்றிரவு சாப்பிடும்போதும், கிழவிக்குக் கண் தெரியாவிட்டால் கை கறுப்பு என்று எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

என் மனைவியும் அதே இல்லத்தில்தான் வேலை. பின்னேர வேலை முடிய இரண்டு பேரும் சைக்கிளில் வருவார்கள். மனைவி முன்னால், அக்கா கொஞ்சம் பின்னால். ஒருநாள், இன்னும் வெளிச்சம் போகாத நேரம், ஒரு கார் மெதுவாக மனைவிக்குப் பக்கத்தில் வந்தது. கண்ணாடியைத் திறந்து ஒருவன் கையை நீட்டித் தள்ளினான். அவள் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. பெடியள் ஏதோ கத்திவிட்டுப் போனார்கள். விழுந்த அதிர்ச்சியில் அவளுக்கு ஒரு சொல்தான் காதில் ஏறியது. எங்களைப் போன்ற தோலுக்காக இந்த நாட்டில் வைத்திருக்கிற அந்தச் சொல். மிச்சம் என்ன சொன்னவங்கள் என்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அக்காவைக் கேட்டாளாம். "பாத்துப் போ எண்டவங்கள், பிள்ளை" என்று அக்கா சொன்னாராம்.

மறுநாள் ஒரு பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்தார். வாசலில் பொலிஸ் வாகனம் நிற்பதைப் பார்த்து, நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று அயலட்டை நினைக்குமே என்று அவசரமாக உள்ளே கூப்பிட்டேன். வந்தவர் நல்ல மரியாதையான ஆள். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஒரு காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. தள்ளும்போது உங்கள் தோலைப் பற்றி, நாட்டைப் பற்றி, சமயத்தைப் பற்றி ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். சொல்லியிருந்தால் இது வெறுப்புக் குற்றம் என்று வேறு விதமாகப் பதியப்படும், அதற்கென்று இருக்கிறவர்கள் அந்தக் காரைத் தேடுவார்கள், நீதிமன்றமும் கடுமையாகப் பார்க்கும். சொல்லாவிட்டால் பெடியளின் சேட்டை. சேட்டைக்காக ஊரிலுள்ள கார் எல்லாவற்றையும் தேட அவர்களிடம் ஆள் இல்லை.

மனைவி தான் கேட்ட சொல்லைச் சொன்னாள். நிச்சயமா, நோவில் இருந்திருப்பீர்களே, வேறு யாராவது கேட்டார்களா என்று அவர் கேட்டார். எல்லோரும், ரோல்ஸ் பலகாரத்தோடு வந்திருந்த அக்காவைப் பார்த்தோம். அக்கா ரோல்ஸ் தட்டைப் பொலிஸ்காரர் பக்கம் தள்ளினார். அன்றைக்குச் சரியான காற்று, சைக்கிள் ஆடினது, இவள் கார்க் கண்ணாடியில் மோதிவிடுவாளோ என்று பெடியள் கை நீட்டியிருப்பார்கள், பாத்துப் போ என்று சொன்னது கேட்டது என்று தண்ணி மாதிரி டேனிஷில் சொன்னார். பொலிஸ்காரரின் முகம் தெளிந்தது. இரண்டாவது ரோல்ஸையும் எடுத்தார். எழுதவேண்டிய பக்கங்கள் குறைந்தால் யாருக்குத்தான் பசிக்காது?

அதற்குப் பிறகும் அந்தக் கார் வந்தது. எங்கள் வாசலுக்கு முன்னால் மெதுவாகும், ஹோர்ன் அடிக்கும், போய்விடும். மனைவி சைக்கிளைத் தொடுவதில்லை. யன்னல் திரையை இழுத்துவிட்டு இருப்பாள். கட்டு அவிழ்த்ததும் வேலைக்குப் போக வேண்டும். போகமாட்டேன், தலைநகரத்துப் பக்கம் அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கிற தன் தம்பி வீட்டுக்குப் போய் இருக்கப்போகிறேன் என்றாள். அங்கே போனால் எனக்கு வேலை கிடைக்குமா என்று பயம். இங்கே இருந்தால் கார் என்று பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் ஒரே வழி, அக்கா வாயைத் திறக்க வேண்டும். அதனால் நானே எழும்பி அவருடைய வீட்டுக்குப் போனேன். யென்சனின் கதவைத் தட்டினேன்.

"அக்கா, நீங்கள் கேட்டனீங்கள்தானே?"

"கேட்டனான்."

"முழுக்கவோ?"

"முழுக்க. எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

"அப்ப ஏன் காத்தை இழுத்து விட்டனீங்கள்?"

அவர் என் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்கினார்.

"எண்பத்துமூண்டு ஆடிக் கலவரத்திலை நாங்கள் கொழும்பு, தம்பி. வந்தவங்கள் வாக்காளர் இடாப்போடை வந்தவங்கள். வீட்டு நம்பரை வாசிச்சுப்போட்டுத்தான் எங்கடை கதவை இடிச்சவங்கள். பக்கத்து வீட்டுச் சிங்களவரின்ரை கதவை ஒருத்தன் தொடேல்லை. பேர் பாத்து வந்தவங்கள். அண்டைக்குப் பிறகு நான் ஒரு இடத்திலும் பேர் குடுக்கிறேல்லை. நடந்ததைச் சின்னனாக்கினால் ஒருத்தரும் எழுதமாட்டினம். எழுதாட்டி இடாப்பு இல்லை."

"இஞ்சை எழுதுறது எங்களைக் காப்பாத்தத்தானே, அக்கா."

"அங்கையும் இடாப்பு எழுதினது வோட்டுப் போடத்தான்."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த மாதம் கொம்யூன் ஒரு கூட்டம் வைத்தது. பாதுகாப்பான ஊர் பற்றிய கலந்துரையாடல், வேற்று நாட்டவர் எல்லோரும் வாருங்கள், கோப்பியும் கறுவா பணிஸும் உண்டு. கோப்பிக்குப் பொறுப்பு வழக்கம்போல் அக்கா. கொம்யூன் அம்மா ஒருத்தி, கழுத்தில் பெரிய மரமணி மாலையோடு, திரையில் புள்ளிவிபரப் படம் காட்டினார். சைக்கிள் களவுக்கு ஒரு தூண், வீடு உடைப்புக்கு ஒரு தூண், குடித்துவிட்டுக் கார் ஓடியதற்கு ஒரு தூண். கடைசியில் வெறுப்புக் குற்றம் என்று போட்டு, மேலே ஒன்றும் இல்லை.

"இந்த இடத்தில் உங்களுக்குத் தூண் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் இன்றைய நல்ல செய்தி" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். கண்ணாடி உடைந்த கடைக்காரர் தட்டினார். சூரியகாந்திப் பூக் காரர் தட்டினார். நானும் தட்டினேன். சபை தட்டும்போது தட்டாமல் இருக்க எனக்குப் பயம்.

மனைவி கையைத் தூக்கினாள். நல்ல கையைத் தூக்கியிருக்கலாம். கட்டுப் போட்ட கையைத்தான் தூக்கினாள். இந்தக் கை அந்தப் படத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

கொம்யூன் அம்மா தன் கடதாசிகளைப் புரட்டினார். முன் வரிசையில் இருந்த எங்கள் பொலிஸ்காரர் எழும்பி, அது ஒரு விபத்து மாதிரியான சேட்டை, காற்று அடித்த நாள், அதோ சாட்சியே இங்கே நிற்கிறார் என்று கோப்பிப் பக்கம் கைகாட்டினார். கொம்யூன் அம்மா நிம்மதியானார். சில நேரம் மொழி சரியாக விளங்காவிட்டால் பயமாகத் தெரியும் என்று மனைவிக்கு மெதுவாக, சத்தமாக, காது கேளாதவருக்குச் சொல்வது போல் சொன்னார். பிறகு அக்காவைப் பார்த்து, அப்படித்தானே என்று சிரித்தார்.

மனைவி அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"அக்கா, என்னையும் ஒரு சின்ன விசயமாக்கிப் போடாதேங்கோ."

அக்கா கோப்பிப் போத்தலைக் கீழே வைத்தார். மூடியைத் திருகி இறுக்கினார். பிறகு டேனிஷில் தொடங்கினார். வேலைமாற்றத்தின்போது இன்ன அறைக் கிழவர் இன்ன நேரம் சாப்பிட்டார், இன்ன நேரம் வயிற்றால் போனார் என்று அடுத்த ஆளுக்கு ஒப்படைப்பார்களே, அதே குரல். கார் சாம்பல் நிறம். பின்பக்க இடது லைட் உடைந்தது. ஆட்கள் இரண்டு பேர். தொப்பி போட்டவன் தள்ளினான். இவள் விழுந்த பிறகு காரை நிற்பாட்டிக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தார்கள். தொப்பிக்காரன் தலையை வெளியே நீட்டினான். அந்தச் சொல்லைச் சொன்னான். எங்கள் கிழவர்களின் மூத்திரத்தை அள்ள வந்த நாய், உன் நாட்டுக்கு ஓடு, அடுத்தமுறை சக்கரம் தலைக்கு மேலால் போகும் என்றான். பிறகு இருவரும் சிரித்தார்கள்.

"அன்றைக்குக் காற்று அடிக்கவில்லை" என்று முடித்தார்.

கறுவா பணிஸ்கள் பாதி வழியில் நின்றன. கொம்யூன் அம்மா மாலையைப் பிடித்துக்கொண்டு, மிக்க நன்றி, ஆனால் இது பொதுவான விசயங்களுக்கான கூட்டம், தனி ஆட்களின் விசயத்தைப் பொலிஸ் நிலையத்தில்தான் சொல்ல வேண்டும் என்றார். பொலிஸ்காரர் தொண்டையைச் செருமி, நிலையம் வியாழக்கிழமைதான் திறந்திருக்கும் என்றார். வெறுப்பு வாரம் முழுக்க வேலை செய்கிறது, அதைப் பதிகிற இடம் மட்டும் வியாழக்கிழமை.

"வியாழக்கிழமை வாறன்" என்று அக்கா டேனிஷில் சொல்லிவிட்டு, ஆறுவதற்குள் கோப்பியை எடுங்கள் என்றார்.

நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். கோயிலுக்குக் கட்டுகிற சேலை, மேலே குளிர் ஜக்கெட். நிலையத்தில் அதே பொலிஸ்காரர் கணினியைத் திறந்து, முதலில் உங்கள் முழுப் பெயர் என்றார். அக்கா திரும்பிக் கதவைப் பார்த்தார். எழும்பி ஓடிவிடுவார் என்று நான் கார்ச் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். அவர் ஓடவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தகப்பன் பெயரோடு தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அத்தனை வருசப் பழக்கத்தில் அதை நானும் அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன். பிறகு விலாசத்தையும் சொன்னார்.

"கதவில் யென்சன் என்று இருக்கும். அதையே தட்டுங்கள்" என்றார்.

அப்படியானால் யென்சன் யார் என்று பொலிஸ்காரர் கேட்டார். அதை விளங்கப்படுத்த, நடந்த குற்றத்தை விடக் கூட நேரம் எடுத்தது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஐயர் தட்டை வாங்கும்போதே சாமி பேருக்கு என்று தானாகவே தொடங்கிவிட்டார். அக்கா தட்டைத் திரும்ப இழுத்தார்.

"கேளுங்கோ, ஐயா."

"என்னத்தை, அக்கா?"

"பேர், நட்சத்திரம். மற்றச் சனத்தைக் கேக்கிறனீங்கள்தானே?"

ஐயர் கேட்டார். அக்கா சொன்னார். அந்தப் பெயர் இப்போது பொலிசுக்கும் பிள்ளையாருக்கும் தெரியும். உங்களுக்கு வேண்டாம்.

உடைந்த லைட்டை வைத்துக் காரைக் கண்டுபிடித்தார்கள். வழக்கு நடந்தது. அக்கா சாட்சி சொன்னார். தொப்பிக்காரனுக்குத் தண்டனை கிடைத்தது, பெரிசாக இல்லை. தோலுக்காகச் செய்தது என்று நீதிபதி காரணத்தையும் வாசித்தார் என்பதுதான் மனைவிக்குப் பெரிசு. கார் பிறகு வரவில்லை. மனைவி சைக்கிளை எடுத்தாள். அக்காவும் பின்னால் வராமல் பக்கத்தில் வந்தார். அதனால் வீதியில் போகிற எல்லோருக்கும் இடைஞ்சல். இரண்டு வருசம் கழித்து என் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், எப்படியும் அல்பர்ட்ஸ்லுண்டுக்குத்தான் வந்து சேர்ந்தோம். ஆனால் ஓடி வரவில்லை, மாறி வந்தோம்.

ஊரை விட்டு வருவதற்கு முன்னால் அடுத்த கூட்டம் ஒன்றும் நடந்தது. அதே மாலை, அதே பணிஸ். இந்தமுறை கடைசி இடத்தில், தரையோடு ஒட்டிக்கொண்டு, ஒரு குட்டித் தூண். ஒன்று. பூச்சியத்திலிருந்து ஒன்று என்பது கவலைக்குரிய உயர்வு என்று கொம்யூன் அம்மா வருத்தப்பட்டார். ஒருவரும் கை தட்டவில்லை.

இடைவேளையில் கோயில் சபைத் தலைவர் அக்காவிடம் வந்தார். வீடு வாங்கி விற்கிற மனிதர். முகம் கறுத்திருந்தது.

"எங்கடை ஊர் சுத்தமா இருந்தது, அக்கா. உங்களாலை இப்ப ஒண்டு எண்டு போட்டிருக்கினம். நாளைக்கு ஆர் இஞ்சை வீடு வாங்க வருவினம்?"

அக்கா அவருக்குக் கோப்பி ஊற்றிக்கொடுத்தார். தன்னுடைய கோட்டுப் பைக்குள் கைவிட்டு எதையோ துழாவினார். கசங்கிப் பழுத்த ஒரு கடதாசியை எடுத்து, மேசையில் வைத்து, உள்ளங்கையால் நீவி விரித்தார். திரும்பிப் போ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நின்ற கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒண்டோ?" என்றார் அக்கா. "குறைச்செல்லோ போட்டிருக்கினம், தம்பி. வியாழக்கிழமை ஆரார் வாறியள்?"